என் வீட்டுக்காரரின் வேனில் ஒரு சீட்

என் வீட்டுக்காரர் பேசமாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தாலாவது நாலு வார்த்தை வெளியே வருமே! கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் அவர் வாயிலிருந்து நான் தினமும் கேட்டது மூன்றே மூன்று: "சாப்பாடு இருக்கா?", "ம்", "படுக்கிறேன்." மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு, எங்கள் தென்னக்கும்புர வீட்டில் சத்தம் போடுகிறவை என்று இருந்தவை ரேடியோவும் என் தையல் மெஷினும்தான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ பேசுகிற வேலை. கண்டிக்கு வருகிற பயணிகளை ஒரு முதலாளியின் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் காட்டுவார். வேனை ஓட்டுவதும் அவர்தான், விளக்கம் சொல்வதும் அவர்தான். கிழமைக்கு இரண்டு நாள் தெற்குக் கரையில் இருக்கிற காலி ஊர்க் கோட்டைக்குப் போவார். விடிவதற்கு முன் புறப்பட்டு, கோட்டையையும் கடலையும் காட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். இந்த மனிதர் அங்கே என்னத்தைச் சொல்லிக் கிழிப்பார் என்று நானும் யோசித்திருக்கிறேன். கையை நீட்டி "கோட்டை" என்பார், "கடல்" என்பார், பிறகு வேனில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர் அலவத்துகொடயிலிருந்து வருகிற ஒரு டீச்சர். தன் மகளுக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிப் போக வந்தவர், கதிரையில் உட்காரும்போதே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒங்கட மாப்புள பேசுற பேச்சு ஈக்கே! போன கெழம நாங்க குடும்பத்தோட காலிக்குப் போனோமே, போய் வாற வரைக்கும் சிரிப்புதான். எங்க வாப்பா அப்பிடிச் சிரிச்சி எத்தின வருசம்!"

"எங்க வீட்டுக்காரரா டீச்சர்? வேற யாராவது டிரைவரா இருக்கும்."

"அவரத் தெரியாதா எனக்கு? இந்த வாசல்ல எத்தின தரம் பாத்தீக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோட்ட மதில்ல வச்சி ஒங்கட கதயச் சொன்னாரு. நீங்க மொதமொதல்ல கடலப் பாத்து சொன்ன வார்த்தய. எங்க உம்மா அழுதிட்டாங்க."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மெதுவாக மெஷின் மேல் வைத்தேன். ஏனென்றால் நான் கடலைப் பார்த்ததே கிடையாது.

பிறந்தது ஹுன்னஸ்கிரிய மலைத் தோட்டமொன்றில். கட்டிக்கொண்டது தெல்தோட்டைக்காரரை. குடியிருப்பது கண்டியில். கொழும்புக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், இரண்டு தரமும் ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஜன்னல் வழியாகத் தெரிந்தது இன்னொரு ஆஸ்பத்திரிக் கட்டடம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இவர், "காலிக்கு ஒரு தரம் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார். அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அப்படியானால், பார்க்காத கடலைப் பார்த்து நான் என்ன சொன்னேன்? ஒரு முழு வேன் அழுகிற மாதிரி எதைச் சொல்லித் தொலைத்தேன்?

டீச்சரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் "நான் என்ன சொன்னேன் டீச்சர்?" என்று எந்த முகத்தோடு கேட்பது? ஒன்று என் புருஷன் புளுகன் என்றாகும், இல்லாவிட்டால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றாகும். "ஆமா டீச்சர், அது ஒரு காலம்" என்று சொல்லி, சட்டையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அன்றைக்கு அவர் வந்ததும் தொடங்கினேன்.

"டீச்சர் வந்துட்டுப் போனாங்க. வேன்ல நீங்க நல்லா பேசுறீங்களாம்."

"ம்."

"கடல் கதையெல்லாம் சொல்றீங்களாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி உதடு அசைந்தது. "சாப்பாடு இருக்கா?" என்றார்.

அதோடு விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. கூடவே வேனில் ஏறிப் போகவும் வழியில்லை. வேனில் குடும்பத்து ஆட்களை ஏற்றக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். மைத்துனனை ஏற்றிக்கொண்டு போன ஒரு டிரைவருக்கு மறுநாளே வேலை போயிருந்தது. ஆனால் டிக்கெட் எடுத்த பயணியை யாரும் இறக்கிவிட முடியாதல்லவா? பேராதனை வீதியில் ஒரு கடையில் அந்த வேனுக்கு சீட் விற்றார்கள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. மூன்று கல்யாண ப்ளவுஸ் தைத்த காசைக் கொடுத்து, காலிக்கு ஒரு சீட் எடுத்தேன். எங்கே ஏறுவீர்கள் என்று கேட்டார்கள். மணிக்கூட்டுக் கோபுரம் என்றேன்.

அந்த நாள் அவர் விடியுமுன் எழுந்து, வழக்கம்போல் சத்தமில்லாமல் வேனை எடுக்கப் போனார். நான் போர்வைக்குள் தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குப் போய் நின்றேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் இத்தனை தரம் சரிசெய்யவில்லை.

வேன் வந்து நின்றது. அவர் இறங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கதவை இழுத்துத் திறந்து, நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசியாக வேண்டும். வரும் வழியெல்லாம் "ஐயா" என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் தவறி, பஸ்ஸில் வேனில் எல்லா டிரைவரையும் கூப்பிடுகிற வழக்கத்தில், "குட் மோர்னிங் அண்ணே" என்றேன்.

அவருக்குப் புரையேறியது. இருமி முடித்துவிட்டு, உள்ளே இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். "வாங்க... தங்கச்சி. ஏறுங்க" என்றார்.

பத்தொன்பது வருடக் கல்யாணத்தை இரண்டே சொல்லில் இப்படிக் குட்டிச்சுவராக்கிவிட்டு, நான் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேனில் இருந்தவர்கள் கனடாவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். வயதான ஐயா, அவருடைய மனைவி, மகள், மருமகன். ஐயா ஏறியவுடனேயே தூங்கத் தொடங்கியிருந்தார். மகளும் மருமகனும் ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாதான் டிரைவருக்குப் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வி கேட்கத் தயாராக இருந்தார்.

பேராதனைப் பாலம் தாண்டும்வரை இவர் வாயைத் திறக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே, ஊமை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கடுகண்ணாவை வளைவுகளில் வேன் இறங்கத் தொடங்கியது. பனிக்குள் ரோட்டுக்கோடு மட்டும் தெரிந்தது. அப்போது ஒரு குரல் கேட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிதானமாக, சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு பேசுகிற குரல். ரேடியோ போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இந்தப் பக்கம் பாருங்கம்மா, பெரிய பாறை ஒண்ணு தெரியும். இதைக் கொடஞ்சுதான் அந்தக் காலத்துல கண்டிக்கு ரோடு போட்டாங்க. போடச் சொன்னவன் பேரு புஸ்தகத்துல இருக்கு. கொடஞ்சவன் பேரு பாறைக்குத்தான் தெரியும். நான் போறப்ப வாறப்ப ஹோர்ன் அடிச்சுக் கேட்டுப் பாக்குறேன், சொல்ல மாட்டேங்குது."

சொல்லிவிட்டு ஹோர்னை ஒரு தட்டுத் தட்டினார். அந்த அம்மா சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஐயாகூடக் கண்ணைத் திறந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மனிதர் நிறுத்தவே இல்லை. மலையிலிருந்து எவ்வளவு கீழே இறங்கிவிட்டோம் என்பதை ரோட்டோரத்தில் என்ன விற்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லலாமாம். மேலே பலாக்காய், கொஞ்சம் இறங்கினால் கஜு, இன்னும் இறங்கினால் அன்னாசி, கடைசியில் கருவாடு. "கருவாட்டு வாசம் வந்திருச்சுன்னா ப்ரேக்குக்கு வேலை கொறஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார். தான் பிறந்த தெல்தோட்டையைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் தோட்டத்து லயன் வீட்டுக் கூரையில் ஏறி, வருகிற லொறியின் சத்தத்தை வைத்தே எந்த லொறி என்று சொல்வாராம். எனக்கு அவருடைய அம்மா சொல்லித் தெரியும், இவர் ஒரு தரம் கூரையிலிருந்து விழுந்தார் என்பது. எதற்காக ஏறினார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் கைப்பையின் வாரைப் பிய்த்துவிடலாம் போலிருந்தது. இத்தனையும் இந்தத் தலைக்குள் இருந்ததா? இதில் ஒரு துண்டைக்கூட எனக்கென்று எடுத்து வைக்கத் தோன்றவில்லையா?

களுத்துறைப் பாலத்தோரம் எல்லா வாகனமும் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அரசமரத்தடி விகாரை. ரோட்டோர உண்டியலில் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டிகள் மேலே போகும். இவரும் இறங்கிப் போட்டுவிட்டு வந்தார்.

"நீர் சைவமெல்லோ தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "புத்தருக்கும் போடுவீரோ?"

"நம்ம பிள்ளையாருக்கு கண்டியிலயே போட்டாச்சும்மா. அவரு எல்லை அவ்வளவுதான். இங்கேயிருந்து இவரு பொறுப்பு."

வேன் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, அந்த மதில் கதையை மறந்திடாதையும். என்ர தங்கச்சி போன வருசம் உம்மட வானிலதான் வந்தவ. அதைக் கேக்காமல் திரும்பி வர வேண்டாம் எண்டு சொல்லி விட்டவ."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு தரம் விரிந்து மூடின. "நேரம் இருந்தா பாப்பம்மா" என்றார்.

பெந்தோட்டை தாண்டியதும் இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு துண்டு நீலம் தெரிந்து மறைந்தது. பிறகு இன்னொரு துண்டு. பிறகு கடைகளே இல்லாமல் போய், ஜன்னல் முழுவதும் அதுதான். வேனின் வேகம் குறைந்தது. எதற்கு என்று பார்த்தேன். முன் கண்ணாடியில் அவருடைய கண் தெரிந்தது. அது ரோட்டைப் பார்க்கவில்லை, கடைசி சீட்டில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். அவ்வளவுதான், பாதிக் கதையில் பேச்சு நின்றுவிட்டது.

"ஏன் தம்பி, பேசாமல் வாறீர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். எனக்கு நன்றாகப் பழக்கமான பதில் அது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்ட பிறகு, சற்று நேரத்தில் மெதுவாக மறுபடி தொடங்கினார்.

கோட்டைக்குள் வேனை நிறுத்திவிட்டு நடந்தோம். வாசலுக்கு மேல் கல்லில் சேவல் பொறித்த முத்திரை. உள்ளே நேர்நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், பெரிய மரக்கதவுகள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கண்டிக்காரிக்கு அது வினோதமான நடை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஏறியோ இறங்கியோ பழகிய கால், இங்கே வேலை தேடிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பேச்சு முழுவதும் எதிர்க்காற்றுக்குத்தான். நாங்கள் பின்னால் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டோம்.

ஒரு சந்தில் தரையோடு பதித்த பழைய கல் மூடிகளைக் காட்டினார். கீழே ஒல்லாந்தர் கட்டிய சாக்கடை ஓடுகிறது என்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வீடு கழுவுகிறவளுக்கு வருகிற சந்தேகம் அது.

"தரை தட்டையால்ல இருக்கு. அழுக்குத் தண்ணி எப்படி ஓடும்?"

அவர் நின்றார், ஆனால் திரும்பவில்லை.

"நல்ல கேள்வி. மத்தவங்க கப்பலுக்கு வழி காட்டுற வெளிச்சவீட்டோட ஒசரத்தைத்தான் கேப்பாங்க. இத இதுவரைக்கும் யாரும் கேக்கல." அதற்குப் பிறகு விளக்கினார். கடல் ஏறும்போது தண்ணீர் அந்தக் கால்வாய்களுக்குள் வருமாம், இறங்கும்போது உள்ளே இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகுமாம். தெருவைக் கழுவுகிற வேலையைக் கடலிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றார். குனிந்து, கல்லின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். நான் கேட்ட ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடப் பதில்! பத்தொன்பது வருடத்தில் முதல் தரம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழுக்குச் சந்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மத்தியானம் ஒரு கடையில் சாப்பாடு. பயணிகளுக்கு முன்னால் மேசை, டிரைவர்களுக்குப் பின்கட்டில் ஓர் அறை. எங்கே போனாலும் அதுதான் வழக்கம். அவர் பின்னால் போனார். நான் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து இறால் சாப்பிட்டேன்.

"பிள்ளை, நீர் தனியவோ வந்தனீர்? மனிசன் வரேல்லையோ?"

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க." அதில் பொய் ஒன்றும் இல்லையே.

"இந்தத் தம்பி மாதிரிக் கலகலப்போ?"

"அவரு பேசவே மாட்டாருங்கம்மா."

"ஐயோ பாவம்" என்றார் அந்த அம்மா, மெய்யான இரக்கத்தோடு. பிறகு பின்கட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "இந்தத் தம்பியின்ர மனிசி குடுத்து வச்சவ."

வாயில் இருந்த இறாலைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.

வெயில் தாழ்ந்த பிறகு மதில்மேல் ஏறினோம். புல் மூடிய அகலமான மதில். அதன் ஓரத்தில் போய் நின்றால் கீழே பாறை, பாறைக்கு அப்பால் கடல். அதற்கப்பால் ஒன்றும் கிடையாது. அவர் எங்களுக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி நின்றார். மூன்று திசையையும் காட்டினார், கப்பல் போகிற வழியைச் சொன்னார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "சரி, நேரமாச்சு, எறங்குவமா?" என்றார்.

"தம்பி, கதை!" என்றார் அந்த அம்மா.

"இன்னைக்கு வேண்டாமே அம்மா."

"அதுக்காகத்தானே வந்தனாங்கள்."

கடிகாரம் கட்டிய கையை அவர் கீழே இறக்கினார். ப்ளவுஸ் காசு, ஒத்திகை, ஒரு பொய், ஒரு பொய்த் தூக்கம், ஒரு அண்ணே, எல்லாம் இந்த ஒரு கதைக்காகத்தான்.

"என் வீட்டுக்காரி மலையில பொறந்தவ" என்று தொடங்கினார். முதுகு எங்கள் பக்கம், முகம் கடல் பக்கம். "கடலைப் பாத்ததே இல்ல. கல்யாணம் கட்டின புதுசுல இங்க கூட்டிட்டு வந்தேன். இதே எடத்துலதான் நின்னா. எதையாவது பாத்தா சும்மா இருக்க மாட்டா, நூறு கேள்வி கேப்பா. அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு..."

அங்கே நின்றுவிட்டார். காற்று சட்டையை அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். என்னால்தான் தாங்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க அண்ணே?" என்றேன்.

"'இத்தனை நாளும் நீங்க தனியா பாத்தது போதும், இனிமே நான் இல்லாம இதைப் பாக்காதீங்க'ன்னு சொன்னா."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மருமகன்கூடப் போனைக் கீழே இறக்கினான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாவது, நான் ஒரு நாளும் அப்படிச் சொல்லமாட்டேன். "காத்து ரொம்ப அடிக்குது, சளி புடிக்கும்" என்றுதான் சொல்வேன். இரண்டாவது, என்னை அவர் கூட்டிக்கொண்டே வரவில்லை. யாரோ ஒருத்தி என் பெயரில் வந்து, என் புருஷன் கையைப் பிடித்து, நான் பார்க்க வேண்டிய கடலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"உங்க வீட்டுக்காரம்மாவை அதுக்கப்புறம் எத்தனை தரம் கூட்டிட்டு வந்தீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். அன்றைக்குக் காலையில் வேன் கதவைத் திறந்ததற்குப் பிறகு, அப்போதுதான் நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடு அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கண் கலங்கியிருந்தது. காற்றில் உப்பு இருந்ததால் என்றும் சொல்லலாம்.

"வேனுக்குப் போவோம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவ்வளவாகப் பேச்சு இல்லை. எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஹோட்டல் வாசலில் இறங்கும்போது, "அடுத்த முறை மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும் தம்பி, நான் பாக்க வேணும்" என்றார். "ஓம்மா" என்றார் அவர், யாழ்ப்பாணத்தாருக்கு அவர்கள் பாஷையிலேயே. என்னை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மற்றப் பயணிகளை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டு, வேனை ஒப்படைக்கப் போனார்.

நான் வந்து சேலை மாற்றி, குழம்பைச் சூடாக்கினேன். அவர் வந்தார்.

"சாப்பாடு இருக்கா?"

எதிரே உட்கார்ந்து பரிமாறினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கதை" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ம்" என்றார். எழுந்து கை கழுவப் போனார். அடுப்படியில் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான், ஆனால் அழுகை அழுகைதானே.

கோப்பை கழுவும்போது அன்றைய நாளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து நான் பார்த்தது அவருடைய பின்கழுத்தைத்தான். பேசியதெல்லாம் அந்தக் கழுத்துக்கு முன்னால் இருந்த ரோட்டோடு, காற்றோடு, கடலோடு. கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார், பேச்சு நின்றது. மதிலில் திரும்பினார், நின்றது. இப்போது சோற்றிலிருந்து நிமிர்ந்தார், நின்றது. என் தையல் மெஷினோ அவருடைய கதிரைக்கு நேர் எதிரே கிடந்தது. மகள் குழந்தையாக இருந்தபோது, வேலை செய்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று நானே ஆசையாகப் போட்ட இடம்.

மறுநாள் அவர் வருவதற்குள், மூச்சு வாங்க வாங்க அந்த மெஷினை இழுத்து, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். என் முதுகு அவருடைய கதிரைக்கு. வந்தவர் பார்த்துவிட்டு நின்றார்.

"வெளிச்சம் பத்தல" என்றேன். சுவரில் என்ன வெளிச்சம் என்று அவரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். மூன்றாம் நாள், யாரும் கேட்காமல், "கடுகண்ணாவையில இன்னைக்கு நல்ல மழை" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல்.

நான் திரும்பவில்லை. "ம்" என்றேன்.

மழையில் சறுக்கிய ஒரு லொறியைப் பற்றிச் சொன்னார். அடுத்த நாள் லொறிக்காரனைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த நாள் வேனில் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். நான் "ம்" மட்டும் சொன்னேன், வாயை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிழமை போயிருக்கும். ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மொதமொத நான் காலிக்குப் போனது ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"ம்."

"வந்தவங்க எல்லாம் போட்டோ புடிக்கப் போயிட்டாங்க. நான் மட்டும் அந்த மதில்ல நின்னேன். எங்க ஊர்ல எங்க நின்னாலும் எதுர்ல ஒரு மலை இருக்கும். அங்க எதுர்ல ஒண்ணுமே இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. இவ இல்லாம இனிமே இதைப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நான்தான் நெனச்சேன், நீ சொல்லல. அன்னைக்கே ஒங்கிட்ட சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். நீ தையல்லருந்து தலையைத் தூக்கி, 'என்னங்க?'ன்னு கேட்ட. ஒண்ணும் வரல."

நான் திரும்பாமல் பாவாடை ஓரத்தை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அடுத்த தரம் வேன்ல வந்த ஒருத்தங்ககிட்ட வாயில வந்திருச்சு. நான் நெனச்சதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ சொன்னதுன்னு சொல்லிட்டேன். இந்தக் கெழம லீவு கேட்டிருக்கேன். பஸ்ஸுலயே போவோம். நான் பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்கிறேன், நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு வா..."

இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். ஊசியில் நூல் எப்போதோ தீர்ந்திருந்தது. துணியில் வெறும் ஓட்டை ஓட்டையாக விழுந்துகொண்டிருந்தது, அதுவும் கண்ணீரில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மெஷின் நின்றால் அவரும் நின்றுவிடுவாரோ என்று பயந்து, நூலில்லாத மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.